முந்நூறு டிவிடிக்கும் ஒரே செட்டிங் போதுமா?

நீங்கள் கேட்டது இது: கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் ஏறக்குறைய முந்நூறு டிவிடிகள், பெரும்பாலும் தமிழ்ப் படங்கள், கொஞ்சம் நாடகம், குடும்பத்துத் திருமண டிஸ்க்குகள், கூடவே ஒரு பெட்டி நிறைய விசிடி. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, டிவியோடு மாட்டியிருக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியில் பார்க்க வேண்டும். ஃபைலின் உறை எம்பி4-ஆ எம்கேவியா, படத்தைச் சுருக்கும் முறை ஹெச்.264-ஆ 265-ஆ, பிட்ரேட், அதாவது வினாடிக்குச் செலவாகும் தகவல், எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண்ணில் பட்டது அதுதான். இலவச கன்வர்ட்டர் ஒன்றில் 1080, 30 ஃபிரேம் என்று வைத்து நாலைந்து படத்தை மாற்றிப் பார்த்தீர்கள். ஆட்டக் காட்சியில் கோடு கோடாக வருகிறது, முகமெல்லாம் ஒல்லியாகிவிட்டது, கேமரா நகர்ந்தால் திக்குகிறது, சப்டைட்டில் காணாமல் போய்விட்டது. இந்த நான்கில் ஒன்றுகூட பிட்ரேட்டால் வந்ததல்ல. பிட்ரேட்டை இரண்டு மடங்காக்கினாலும் அதே கோடும் அதே ஒல்லி முகமும்தான் வரும், ஃபைல் மட்டும் பெரிதாகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பல வருடமாகத் திருமண வீடியோ எடிட்டிங்கும், பழைய டேப்பை டிஸ்க்காக்கும் வேலையும் பார்த்தவன் நான். இப்போது அதே டிஸ்க்குகளை ஃபைலாக்கித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது "பெஸ்ட் செட்டிங்" எது என்றுதான். அப்படி ஒன்று இல்லை. டிஸ்க்குக்குள் படம் எந்த விதமாகப் பதிந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்கு ஏற்ற ஃபில்டரைப் போட வேண்டும். கம்ப்ரஷன் எண்ணெல்லாம் அதற்கு அப்புறம்தான், அதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யாருக்கும் தெரியாது.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால், வரிசையை மாற்றச் சொல்வேன். படங்களை அப்படியே வைத்துவிட்டுத் திருமண டிஸ்க்கை முதலில் எடுங்கள். கடையில் வாங்கும் படத்தின் டிவிடி ஆலையில் அச்சில் அழுத்தியது. கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது கம்ப்யூட்டரில் எழுதிய டிவிடி-ஆர்; அதில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில், வெயிலும் சூடும் ஈரப்பதமும் பட்டால் அந்தச் சாயம் கெடும். கோலாலம்பூர் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டிக் கொடுப்பது ஒரு காலத்தில் எல்லாரும் செய்தது. அந்த ஸ்டிக்கர் ஓரத்தில் உப்பியிருந்தால் டிஸ்க் சுழலும்போது ஆடும், கடைசிப் பகுதி படிக்காது. உரிக்காதீர்கள், உரித்தால் போச்சு. வேகத்தைக் குறைத்துப் படிக்க விடுங்கள், இல்லையென்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் திணறுகிற டிஸ்க்கை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். படம் போனால் வேறு எங்காவது தேடிப் பிடிக்கலாம், தாலி கட்டும் காட்சி உங்கள் வீட்டு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. இந்த டிஸ்க்குகளை மட்டும் ஐஎஸ்ஓவாக, அதாவது டிஸ்க் முழுவதன் நகலும் ஒரே ஃபைலாக எடுத்து வையுங்கள், மெனுவில் ஓடும் ஃபோட்டோவும் நாதஸ்வரமும்கூட அப்படியே வந்துவிடும்.

சரி, படங்கள். முதல் வேலை கன்வர்ட் செய்வதே அல்ல. மேக்எம்கேவி மாதிரி ஒரு மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டால், உள்ளே எம்பெக்-2 என்ற டிவிடி முறையில் இருக்கும் படத்தையும் ஒலியையும் சப்டைட்டிலையும் ஒரு துளி மாற்றாமல் ஓர் எம்கேவி ஃபைலாக எடுத்துத் தரும். தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது, டிஸ்க் படிக்கிற வேகம்தான் கணக்கு. ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி. உங்கள் முந்நூறும் இரண்டு அடுக்கு, எல்லாம் விளிம்பு வரை நிரம்பியது என்றே வைத்துக்கொண்டாலும் 2,550 ஜிபிதான், ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இடம் மிச்சமாகும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிகிற விஷயம். அதனால் இந்த அசல் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆற அமர கன்வர்ட் செய்யுங்கள். செட்டிங் தப்பாகப் போனால் மறுபடியும் டிஸ்க்கைத் தேடி டிரைவில் போட வேண்டியதில்லை. முந்நூறு டிஸ்க்கை இரண்டாவது முறை மாற்றி மாற்றிப் போடுகிற பொறுமை யாருக்கும் கிடையாது, இது மட்டும் நிச்சயம்.

இங்கே சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவு, டிஸ்க்கில் போட்டிருக்கும் பூட்டு போன்ற தொழில்நுட்பத் தடையை உடைப்பதைத் தடை செய்கிறது. நான் வழக்கறிஞன் அல்ல, உங்கள் விஷயத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். திருமண டிஸ்க்கில் பூட்டே இருக்காது. இந்தியாவிலிருந்து வந்த தமிழ் டிஸ்க்குகளிலும் பூட்டு இல்லாதவை நிறைய உண்டு. எந்த நாட்டு டிஸ்க் எங்கே ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீடு என்று ஒன்றும் இருக்கிறது: நம் நாடு மண்டலம் 3, இந்தியா 5. டிரைவ் கேட்கிறதே என்று மண்டலத்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள், ஐந்து முறைக்குமேல் மாற்ற விடாது, கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற வேலையும் இதுதான். எடுத்த ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று பாருங்கள். 25, அளவு 720க்கு 576 என்றால் அது பிஏஎல். 29.97, அளவு 720க்கு 480 என்றால் என்டிஎஸ்சி. இரண்டும் பழைய டிவி ஒளிபரப்பு முறைகள். நம் ஊரில் இருந்த முறை பிஏஎல்தானே, எல்லாம் அதுவாகத்தானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். மஸ்ஜித் இந்தியாவிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் விற்ற தமிழ்ப் பட டிஸ்க்குகளில் என்டிஎஸ்சி ஏராளம், ஒரே ஆள் வாங்கிய ஒரே அலமாரியில் இரண்டும் கலந்து கிடக்கும். மீடியாஇன்ஃபோவில் இன்டர்லேஸா (ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப் படமாகப் பிரிந்ததா) புரோகிரசிவா (முழுப் படமா) என்றும் ஒரு வரி வரும், அதை மட்டும் நம்பாதீர்கள், டிஸ்க் தயாரித்தவர் உள்ளே என்ன குறிப்பு வைத்தாரோ அதைத்தான் அது படித்துச் சொல்கிறது. கண்ணால் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதற்கு விஎல்சி பிளேயர் போதும். டீஇன்டர்லேஸ், அதாவது அரைப் படங்களை முழுப் படமாக்கும் வசதியை முதலில் ஆஃப் செய்துவிடுங்கள். ஒரு பாட்டுக்குப் போங்கள், கேமரா பக்கவாட்டில் நகர்கிற இடமாக, பின்னால் கோயில் தூணோ மாடிப்படிக் கம்பியோ இருந்தால் இன்னும் நல்லது. அங்கே நிறுத்தி, ஆங்கில ஈ எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். தூணின் ஓரத்தைப் பாருங்கள். சில ஃபிரேமில் ஓரம் நேராக இருக்கும், சிலவற்றில் சீப்புப் பல் மாதிரி படுக்கைக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். ஒரு பத்து ஃபிரேம் நகர்த்தி எது எப்படி வருகிறது என்று எண்ணுங்கள். எந்த ஃபிரேமிலும் பல் இல்லையென்றால் படம் சுத்தம். ஐந்தில் மூன்று சுத்தம், இரண்டு பல்லு என்று மாறி மாறி வந்தால் அது டெலிசினி, சினிமாவை என்டிஎஸ்சிக்கு நீட்டியது. நகர்கிற எல்லா ஃபிரேமிலும் பல் இருந்தால் அது நிஜமான இன்டர்லேஸ் வீடியோ. நாலாவதாக ஒன்று உண்டு, பல் இருக்காது, ஆனால் கை அசைந்தால் பழைய கையின் நிழல் பக்கத்திலேயே தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன், அது ஒரு தலைவலி.

காரணம் தெரிந்தால் மருந்து சுலபம். சினிமா எடுப்பது வினாடிக்கு 24 ஃபிரேமில். என்டிஎஸ்சிக்கு ஏறக்குறைய 30 வேண்டும். அதனால் நான்கு சினிமா ஃபிரேமை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று பிரித்து, சிலவற்றை இரண்டு தடவையும் சிலவற்றை மூன்று தடவையும் போட்டு ஐந்து ஃபிரேமாக நீட்டுகிறார்கள். அந்த ஐந்தில் இரண்டு, பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களின் கலவை. அதுதான் பல்லாகத் தெரிகிறது. இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வர்ட்டரில் டீடெலிசினி என்ற ஃபில்டர் இருக்கிறது, கலந்ததைத் திரும்பப் பிரித்துப் பழைய 24 ஃபிரேமை மீட்டுத் தந்துவிடும், ஒரு விவரமும் போகாது. ஃபிரேம் ரேட்டை 23.976 என்று வையுங்கள், அல்லது மூலத்தில் உள்ளபடியே, மாறும் ரேட் என்று விடுங்கள். இந்த டிஸ்க்கில் போய் சாதாரண டீஇன்டர்லேஸைப் போட்டால் பல் போகும், ஆனால் சில ஃபிரேமில் பாதி வரிகளை வீசிவிட்டு மீதியைக் கொண்டு ஒப்பேற்றும், திக்கலும் அப்படியே இருக்கும். சில டிஸ்க்கில் 24 ஃபிரேமாகவே பதிந்து, நீட்டச் சொல்லும் குறிப்பை மட்டும் உள்ளே வைத்திருப்பார்கள். அதற்கு எந்த ஃபில்டரும் வேண்டாம், ஃபிரேம் ரேட்டைச் சரியாக விட்டாலே போதும்.

பிஏஎல்லில் வந்த சினிமா பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், 24ஐ 25 வேகத்தில் ஓட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஹேண்ட்பிரேக்கில் டீகோம்ப் என்ற ஃபில்டரை, பல்லைத் தானே கண்டுபிடிக்கும் வசதியோடு போட்டு வையுங்கள், பல் இருக்கும் ஃபிரேமை மட்டும் தொடும், மற்றதை விட்டுவிடும். நிஜமான இன்டர்லேஸ் என்பது வீடியோ கேமராவில் எடுத்தவை: மேடைக் கச்சேரி, தொலைக்காட்சி நாடகம், உங்கள் திருமண டிஸ்க். இதில் வினாடிக்கு 50 அரைப் படங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் எடுத்தது. சாதாரணமாக டீஇன்டர்லேஸ் செய்தால் 25 ஆகிவிடும், அசைவில் பாதி போய்விடும். பாப் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை 50 என்று வைத்தால் ஒவ்வொரு அரைப் படமும் முழுப் படமாக மாறும். பெண் அழைப்பில் கேமராக்காரர் கூட்டத்துக்குள் நடந்துபோகும் காட்சியை இரண்டு விதமாகவும் மாற்றி அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் வீடியோவே தெரியாதவராக இருந்தாலும் எது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

உங்கள் ஃபைல் திக்கியதற்கான காரணம் இப்போது புரிந்திருக்கும். 25 ஃபிரேம் படத்தை அந்த கன்வர்ட்டர் 30 ஆக்கியது. இல்லாத ஐந்துக்கு எங்கே போகும், வினாடிக்கு ஐந்து ஃபிரேமை இரண்டு முறை போட்டுச் சரிக்கட்டியது. ஃபிரேம் ரேட்டை எண்ணாக நீங்கள் கொடுக்க வேண்டியது மேலே சொன்ன இரண்டு இடத்தில் மட்டும்தான், மற்ற இடத்தில் மூலத்தில் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

ஒல்லி முகம் வேறு கதை. டிவிடியில் படம் 720க்கு 576 என்று பதிந்திருந்தாலும், அகலத்திரைப் படமாக இருந்தால் அதை 1024க்கு 576 அளவுக்கு விரித்துக் காட்டு என்று உள்ளே ஒரு குறிப்பு இருக்கும். அதைக் கவனிக்காத கன்வர்ட்டர் விரிக்காமல் அப்படியே எழுதிவிடும். ஹேண்ட்பிரேக்கில் அனமார்ஃபிக் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று விட்டால் அந்தக் குறிப்பைக் கூடவே எடுத்துப் போகும். 1080க்குப் பெரிதாக்காதீர்கள். டிவியே பெரிதாக்கித்தான் காட்டப்போகிறது, நீங்கள் முன்கூட்டியே ஊதி வைப்பதால் இல்லாத விவரம் வராது. பழைய தமிழ் டிஸ்க்குகளில் பலது அகலத்திரையாகவே பதிந்திருக்காது, 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு நடுவில் படம் இருக்கும். 2.35 அகலப் படம் அப்படிப் பதிந்திருந்தால் 576 வரியில் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 327 வரிதான். அதை 1080 என்று பெயரிட்டு வைத்து என்ன பயன்?

அந்தக் கறுப்புப் பட்டையை வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளூர் விற்பனைக்கு வந்த டிஸ்க்குகளிலும் விசிடிகளிலும் மலாய் சப்டைட்டில் படத்தோடு படமாக அச்சாகி, கீழ்ப் பட்டையிலேயே உட்கார்ந்திருக்கும். ஹேண்ட்பிரேக் தானாக வெட்டும் அளவை முடிவெடுப்பது படத்திலிருந்து எடுக்கும் சில மாதிரி ஃபிரேம்களைப் பார்த்து. அந்த ஃபிரேம்களில் யாரும் பேசாமல் இருந்தால் எழுத்தோடு சேர்த்து வெட்டிவிடும். முன்னோட்டத்தில் வசனம் வரும் இடங்களைப் பார்த்துவிட்டு, தேவையானால் கீழ்ப் பக்கம் வெட்டுவதைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டவை. ஹெச்.264 போதும். 265 இன்னும் சிறிய ஃபைல் தரும், மறுக்கவில்லை, ஆனால் டிவிடி அளவுப் படத்தில் அப்படி மிச்சமாகும் இடம் பெரிய விஷயமில்லை. 264ஐ ஓட்டாத பெட்டியோ டிவியோ இப்போது அரிது, மச்சான் வீட்டுப் பழைய டிவியில் யுஎஸ்பி குத்தினாலும் பெரும்பாலும் ஓடும். பத்து பிட் 264 மட்டும் வேண்டாம், பல பெட்டிகளின் சிப் அதை ஓட்டாது. பிட்ரேட் எண்ணைக் கொடுக்காதீர்கள், நிலையான தரம் என்ற முறையில் ஆர்எஃப் எண்ணைக் கொடுங்கள். டிவிடி அளவுக்கு 18 முதல் 22 வரை என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்லும் வரம்பு. நான் 19 வைப்பேன், திருமண டிஸ்க்குக்கு 18. எண் குறையக் குறையத் தரமும் ஃபைலும் கூடும், ஆறு எண் இறங்கினால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிக்கும். பழைய படத்தில் ஃபிலிம் புள்ளி அதிகம் இருந்தால் அதே 19க்கு ஃபைல் பெரிதாக வரும், பயப்பட வேண்டாம், புள்ளியைக் காப்பாற்றத்தான் அந்த இடம். வேகம் ஸ்லோ என்று வையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு வழியாக மாற்றினால் மளமளவென்று முடியும், ஆனால் அதே அளவு ஃபைலில் தரம் கொஞ்சம் இறங்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அந்த அவசரம் எதற்கு?

ஒலியைத் தொடவே தொடாதீர்கள். ஏசி3 (டால்பி ஒலி) இருந்தால் பாஸ்த்ரூ, அப்படியே நகல். டிவிடி ஏசி3 அதிகபட்சம் 448 கிலோபிட், அதைச் சுருக்கி நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது ஒன்றுமில்லை. டிடிஎஸ் என்ற இன்னொரு ஒலி வகை மட்டும் இருந்தால், சில டிவிகளில் அது சத்தமே வராது. அப்போது டிடிஎஸ்ஸையும் வைத்து, கூடவே ஒரு ஏசி3 தடத்தையும் சேர்த்துவிடுங்கள்.

பாட்டுக் காது உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி. பிஏஎல்லில் 24ஐ 25ஆக ஓட்டுகிறார்கள் என்றேன் அல்லவா, படம் நாலு சதவீதம் வேகமாகப் போகும், இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே சுருதியும் ஏறும், ஏறக்குறைய அரைக் கட்டை. பலருக்குத் தெரியாது. அதே பாட்டின் ஆடியோ சிடி உங்களிடம் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், பாடகர் குரல் டிவிடியில் கொஞ்சம் இளசாகக் கேட்கும். எல்லா பிஏஎல் டிஸ்க்கிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, ஒலியைச் சரிசெய்து போட்டவையும் உண்டு, கேட்டால்தான் தெரியும். படத்தையும் ஒலியையும் சேர்த்து மெதுவாக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவர முடியும், ஆனால் ஒலியைப் புதிதாக எழுத வேண்டும், ஹேண்ட்பிரேக்கால் ஆகாது, கட்டளை தட்டி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைப் பழக வேண்டும். உயிராக நினைக்கும் நாலைந்து படத்துக்கு மட்டும் செய்யலாம்.

எம்கேவியா எம்பி4-ஆ என்பதற்கு விடை சப்டைட்டிலில் இருக்கிறது. டிவிடி சப்டைட்டில் எழுத்து அல்ல, ஒவ்வொரு வசனமும் ஒரு சின்னப் படம். எம்கேவி அதை அப்படியே ஏந்திக்கொள்ளும். எம்பி4 அதற்குத் தோதான பெட்டி அல்ல, அதனால்தான் உங்களுடையது காணாமல் போனது. ஆகவே எம்கேவி. வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் படத்தை அனுப்பும் ஜெல்லிஃபின் மாதிரி சர்வர் வைத்து ஓட்டினால், பெட்டியில் உள்ள செயலி இந்தப் படச் சப்டைட்டிலைக் காட்டத் தெரியாததாக இருக்கும்போது, சர்வர் முழுப் படத்தையும் அந்த நேரத்திலேயே மறுபடி மாற்றி அனுப்பும். சின்ன கம்ப்யூட்டராக இருந்தால் மூச்சு வாங்கும். சப்டைட்டிலைப் போட்டதும் படம் திணறுகிறது என்றால் காரணம் இதுதான். கோடி (Kodi) என்ற பிளேயரில் நேரடியாக ஓட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு எப்போதும் ஆங்கிலச் சப்டைட்டில் வேண்டும் என்றால், அந்தப் படங்களுக்கு மட்டும் எழுத்தைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துவிடலாம், ஆனால் அப்புறம் அணைக்க முடியாது.

எந்த செட்டிங்கும் காப்பாற்றாத டிஸ்க்குகளும் உங்கள் அலமாரியில் நிச்சயம் இருக்கும். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று விற்றார்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4.7 ஜிபியில் இரண்டரை மணி நேரப் படம் மூன்று என்றால் ஒலியும் சேர்த்து வினாடிக்கு சுமார் 1.4 மெகாபிட்தான் கிடைக்கிறது. அந்த இடத்தில் ஒரே படம் இருந்திருந்தால் 4.2. மழைக் காட்சியும் கூட்ட நடனமும் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான், அது டிஸ்க்கிலேயே உடைந்தது. அதேபோல நான் மேலே சொன்ன நிழல் டிஸ்க். பிஏஎல் டேப்பிலிருந்து என்டிஎஸ்சிக்கு மாற்றும்போது ஃபிரேம்களைக் குழைத்துவிட்டார்கள். பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்டுகள் உண்டு, ஓரளவுக்குத்தான் வேலை செய்யும், நேரம் தின்னும். இந்த இரண்டு வகையையும் நான் கன்வர்ட் செய்யவே மாட்டேன், அசல் பிரதியையே வைத்துவிடுவேன், இருக்கிற கெடுதல் மேல் இன்னொரு சுருக்கம் எதற்கு. செயற்கை நுண்ணறிவில் பெரிதாக்கும் மென்பொருளைப் பற்றியும் கேட்பீர்கள்; ஓடும் படத்தில் முகம் மெழுகு மாதிரி ஆவதும், தூரத்தில் நிற்பவர்களின் கண் மூக்கு இடம் மாறுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், இது என் ரசனை.

விசிடிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எம்பெக்-1, பிஏஎல் என்றால் 352க்கு 288, வினாடிக்கு 1,150 கிலோபிட், அவ்வளவுதான் அதில் இருப்பது. அதையும் மறுபடி சுருக்காமல், உள்ளே இருக்கும் டேட் ஃபைலை எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றமில்லாமல் வேறு உறைக்கு மாற்றினால் போதும். ஆனால் படிப்பதுதான் கஷ்டம். விசிடியில் வீடியோ இருக்கும் பகுதிக்கு, கம்ப்யூட்டர் சிடியில் இருக்கிற கூடுதல் பிழைத்திருத்தம் கிடையாது, அந்த இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் சின்னக் கீறலுக்கும் சதுரம் சதுரமாக உடையும். டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும், விசிடியில் பெயர் அச்சடித்த மேல் பக்கத்துக்கு நேர் கீழே. ஆகவே மேல் பக்கத்தைக் கீறாதீர்கள், பூஞ்சை பூத்திருந்தால் மிதமான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

முந்நூறையும் வரிசையில் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு வகையிலும் ஒரு டிஸ்க்கை எடுத்து இரண்டு நிமிடத் துண்டு மட்டும் மாற்றி, கம்ப்யூட்டரில் இல்லாமல் அந்த ஆண்ட்ராய்டு பெட்டியிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு, ஓர் இருட்டுக் காட்சி, சப்டைட்டில் வரும் இடம், மூன்றும் அந்தத் துண்டில் இருக்க வேண்டும். சரியாக வந்தால் அந்தந்த வகைக்கு ஹேண்ட்பிரேக்கில் ஒரு பிரீசெட் சேமித்துக்கொண்டு, வகை வாரியாக வரிசை கட்டி விடுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கில எழுத்தில் படத்தின் பெயரோடு வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். தமிழில் ஒரே பெயரில் இரண்டு படம் வருவது சாதாரணம், வருடம் இல்லாவிட்டால் ஜெல்லிஃபின் வேறு போஸ்டரை ஒட்டிவிடும். எல்லாம் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள், நம் ஊர் சாயங்கால இடியில் போன ஹார்ட் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் குறையவே இல்லை. எந்த டிஸ்க்காவது மேலே சொன்ன எந்த வகையிலும் சேரவில்லை என்றால், மீடியாஇன்ஃபோ காட்டுவதை அப்படியே இங்கே ஒட்டி, எத்தனை ஃபிரேமுக்கு எத்தனை பல்லு என்றும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.